இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் தாழும் குருதி அமுக்கமும் வன்னி நோயாளரும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உள்ளன. ஆயினும் மார்பைத் திறந்து செய்யும் இருதய சத்திரசிகிச்சைக்கு எமது மக்கள் யாழ்ப்பாணத்துக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ சென்றாக வேண்டும். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று கேட்டு ஆறுதலடைந்த உறவினர், சில மணி நேரத்தில் "பிரஷர் இறங்கிவிட்டது, மருந்தில் பிடித்து வைத்திருக்கின்றோம்" என்று சொல்லப்படும்போது கலங்கிப் போகின்றனர். அந்த மருந்து யாது என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்று.

சத்திரசிகிச்சையின்போது குருதியானது இருதய, நுரையீரல் இயந்திரத்தின் வழியே ஓடுகின்றது. அந்நியப் பொருளைத் தொட்ட குருதியில் எழும் அழற்சியினால் சிலரது குருதிக் கலன்கள் இறுக்கமிழந்து விரிந்து விடுகின்றன. இருதயம் நன்றாக இயங்கினாலும் அமுக்கம் நிற்பதில்லை. சராசரி அமுக்கம் 65 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே நீடித்தால் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படலாம். கலன்களைச் சுருக்கும் நோராட்ரினலின், வாசோபிரசின் ஆகியன இங்குதான் உதவுகின்றன.

எனினும் அமுக்கம் தாழ்வதற்கு இஃதொன்றே காரணமன்று. குருதி இழப்பு, இருதயத் தசையின் சோர்வு, இருதய உறைக்குள் குருதி தேங்கி நெருக்குதல் என்பனவும் காரணமாகலாம். குருதி கசிந்துகொண்டிருப்பவருக்குக் கலன்சுருக்கி மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் திரையில் எண் உயரும், நோயாளி தேறமாட்டார். காரணத்தைத் தேடுவதே சிகிச்சையின் பாதி.

வழக்கமாக முதலில் கொடுக்கப்படுவது நோராட்ரினலின். பிரேசிலின் சாவோ பாவுலோவில் கலன் தளர்ச்சியுற்ற 300 நோயாளரிடம் இரு மருந்துகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளியானது. மரணமோ பாரிய சிக்கலோ வாசோபிரசின் பெற்றோரில் 32 வீதமாகவும் மற்றையோரில் 49 வீதமாகவும் இருந்தது. சிறுநீரகப் பாதிப்புக் குறைந்தமையே பிரதான வேறுபாடு. ஒரே நிலையத்தின் ஆய்வு என்பதால் இதனை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

இம்மருந்துகளில் விலங்குப் பொருள் உண்டா என்ற ஐயம் முஸ்லிம் வாசகர்களுக்கு எழுவது இயல்பு. ஆரம்ப காலத்தில் வாசோபிரசின் மாடு, பன்றி ஆகியவற்றின் கபச் சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது உண்மையே. அதனைச் செயற்கையாகத் தொகுத்துக் காட்டிய வின்சென்ட் டு விக்னோ 1955இல் நோபல் பரிசு பெற்றார். இன்று பயன்படுபவை தொகுக்கப்பட்டவையே. ஆனால் குருதி உறையாதிருக்க ஏற்றப்படும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து பெறப்படுகின்றது. இதுபற்றி வைத்தியரிடமும் உலமாக்களிடமும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே தெளிவு பெறலாம்.

நோராட்ரினலினின் விளைவு சில நிமிடங்களில் அற்றுவிடும். மருந்தேற்றும் பம்பியில் ஊசிக்குழாயை மாற்றும் இடைவெளியிற்கூட அமுக்கம் சரியக்கூடும். சிறு நாளத்திலிருந்து வெளியே கசிந்தால் அவ்விடத்துத் தசை அழுகும். அதனால் பெரிய நாளத்தினூடாக ஏற்றுவதே விரும்பத்தக்கது. மருந்தைக் காட்டிலும் அருகில் நின்று கண்காணிக்கும் பயிற்றப்பட்ட தாதியே இங்கு அரிய வளம். மருந்தும் எப்போதும் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்தியதை நாடு கண்டது.

சத்திரசிகிச்சைக்குச் செல்வோர் தாம் விழுங்கும் குளிசைகள் அனைத்தையும், சிறப்பாக எனலாப்ரில், லொசார்டன் போன்ற அமுக்கக் குளிசைகளை, வைத்தியரிடம் காட்டவேண்டும். அவை கலன் தளர்ச்சிக்கு வழிவகுக்கலாம். நிறுத்துவதா என்பதை வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

ஊர் திரும்பிய பின்னரும் ஆபத்து முற்றாக நீங்குவதில்லை. வார்பரின் உட்கொள்வோருக்குச் சில நாட்களோ வாரங்களோ கழித்து இருதய உறைக்குள் குருதி தேங்கலாம். தலைச்சுற்று, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் என்பன கண்டால் உப்புத் தண்ணீர் கொடுத்துக் காத்திருப்பது உயிருக்கு உலை வைக்கும். 2018 முதல் வடக்கிலும் இயங்கும் 1990 நோயாளர் காவு வண்டிச் சேவையை உடனே அழைத்து, நோய் நிர்ணய அட்டையையும் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.

இத்தகைய நோயாளி நள்ளிரவில் வந்து சேர்ந்தாலும் இருதய எக்கோ பரிசோதனை செய்யும் வசதியும், சத்திரசிகிச்சை செய்த பிரிவோடு உடனடித் தொலைபேசித் தொடர்பும் வன்னியின் மூன்று மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் உறுதிசெய்யப்பட வேண்டும் எனச் சுகாதார அதிகாரிகளை நாம் கோருகின்றோம்.