வெள்ளைக் கட்டைகளும் ஏழு பாலைகளும்

வேலணையில கலியாண வீடெண்டாலும் கோயில் திருவிழா எண்டாலும் இப்ப ஒரு கீபோட் வந்துவிடுகிறது. அதில் கறுப்புக் கட்டைகளைத் தொடாமல் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்துப் பாருங்கோ. 'சி' கட்டையிலிருந்து அடுத்த 'சி' வரை போனால் மேற்கத்தேயத்தவரின் மேஜர் ஸ்கேல், எங்களுக்குச் சங்கராபரணம். 'டி'யில் தொடங்கினால் கரகரப்பிரியா. 'ஜி'யில் தொடங்கினால் அரிகாம்போதி. கட்டைகள் அதேதான், தொடங்கும் இடம் மாற, சுரங்களுக்கு இடையிலான தூரங்களின் ஒழுங்கு மாறுகிறது.

ஐரோப்பியர் இவற்றை 'மோட்' என்றார்கள். கிளாரேயன் என்ற சுவிஸ் அறிஞர் 1547இல் பன்னிரண்டு மோட்களை வகுத்து நூல் வெளியிட்டார். தமிழில் இதன் பெயர் பாலை திரிதல். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழையும் வட்டத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் முறையே குரலாக்கினால் ஏழு பாலைகள். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் இந்தப் பெயர்களோடு வட்டமாக நிற்பதும் இதற்குத்தான். செம்பாலையை அரிகாம்போதி என்றும் அரும்பாலையைச் சங்கராபரணம் என்றும் இன்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள்.

ஆனால் யாழ் வழக்கொழிந்த பிறகு இந்தச் சொற்கள் வெறும் சொற்களாகவே கிடந்தன. அவற்றைக் கணக்குப் போட்டுத் திறந்தவர்களில் முக்கியமானவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். எங்கட பஸ் பண்ணைப் பாலம் தாண்டிப் போகிற யாழ்ப்பாண நகரில், சம்பத்திரிசியார் கல்லூரியில், 1917இல் விஞ்ஞானம் படிப்பித்தவர். அந்த விஞ்ஞான மூளை 'யாழ் நூலில்' தெரிகிறது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. ஜூலை 19இல் அவர் காலமானார். கிளாரேயனுக்குச் சரியாக 400 வருடம் பிந்தி!

கணக்கு இதுதான். தந்தியின் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் இளி, அதாவது பஞ்சமம். அதிர்வு விகிதம் 3/2. அந்த இளிக்கு இளி, அதற்கும் இளி என்று பன்னிரண்டு தரம் போனால் தொடங்கிய சுரத்துக்கே திரும்ப வேணும். திரும்பாது. 128 மடங்கு வர வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 129.75 வரும். இன்றைய கீபோட் ஒவ்வொரு பஞ்சமத்திலும் கொஞ்சம் குறைத்து இந்த மிச்சத்தை மறைக்கிறது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரும் 'கருணாமிர்த சாகரத்தில்' (1917) சமபங்குப் பிரிப்பையே தமிழ் முறை என்று வாதிட்டார், 24 சுருதிகளாக. விபுலாநந்தரோ 22 என்றார். இருவரும் தமிழிசைக்காகத்தான் நின்றார்கள். ஆனாலும் கணக்கு ஒத்துப்போகவில்லை. எங்களுக்கு இந்தச் சண்டைதான் பிடித்தது.

'மேற்கத்தேய இசையே எங்களிட்ட இருந்து போனதுதான்' எண்டு யூரியூப்பில சொல்லுவினம். தந்தி எந்த ஊரிலும் ஒரே மாதிரித்தான் அதிரும். அதைக் கேட்டவர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கட உரையாசிரியர்கள் ஐந்தாம் நரம்பைக் கிளை என்றார்கள், நான்காவதை நட்பு என்றார்கள், மூன்றையும் ஆறையும் பகை என்றார்கள். இடைக்கால ஐரோப்பியரும் நான்கையும் ஐந்தையும் இணக்கமாகக் கொண்டு, மூன்றில் நெடுங்காலம் சந்தேகப்பட்டார்கள். காரணம் கணக்கில் கிடக்கிறது: இளி இளியாக ஏறி வரும் மூன்றாம் சுரம் 81/64, காதுக்கு இனிக்கும் மூன்றாம் சுரம் 80/64.

இப்ப கீபோட்காரர் இடக்கையால அமத்துகிற மேஜர் கோட்டின் நடுவில நிற்பது அந்தப் பகை நரம்புதான்.