வாயுறையும் முதலும்: காஞ்சிபுரத்தில் விலங்கறத்தின் வரலாறு

காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மை இரு நாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தாள் என்பது அவ்வூரின் தொல்மரபு. மரபாகச் சொல்லப்பட்டுவரும் அந்த அறங்களின் வரிசையில் ஐந்து அறங்கள் விலங்குகளுக்கு உரியவை: பசுவுக்கு ஒரு வாய்ப் புல் கொடுக்கும் வாயுறை, விலங்கிற்கு உணவு, மாடு தன் உடலைத் தேய்த்துக்கொள்ளக் கல்லோ மரமோ நட்டுவைக்கும் ஆவுறிஞ்சுதறி, காளையை ஊருக்கென விடும் ஏறு விடுத்தல், கொலைக்குப் போகும் உயிரை விலைக்கு வாங்கி விடுவிக்கும் விலைகொடுத்து உயிர்காத்தல். ஏழைகளுக்கு மருந்தும் அனாதைப் பிணத்துக்கு ஈமக்கடனும் எண்ணப்பட்ட அதே வரிசையில், மாட்டின் உடல் தினவும் ஓர் அறத்துக்குக் காரணமாக எண்ணப்பட்டது என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியன்று.

இவற்றுள் ஏறு விடுத்தல் தனியே கருதத்தக்கது. காளையை விடுபவர் தம் உரிமையைத் துறக்கிறார். அவ்வுரிமையை வேறு எவரும் எடுத்துக்கொள்வதில்லை. கோயில் காளை என்று பெயர்பெற்ற அவ்விலங்கு யார் கொல்லையில் மேய்ந்தாலும் அடித்து விரட்டாமல் விடுவதே ஊரார் அதற்குச் செலுத்திய பங்காக இருந்தது. தொழுவமும் உண்டியலும் இல்லாமலேயே உடையவனற்ற ஓர் உயிரை ஊர் முழுவதும் சேர்ந்து தாங்கிய ஏற்பாடு இது. இலக்கியத்திலும் காஞ்சிக்கு இத்தகைய ஒரு நினைவு உண்டு: சாத்தனாரின் மணிமேகலை, வறட்சியுற்ற கச்சிக்கு அமுதசுரபியோடு வரும்போது அவளிடம் உணவுக்காகத் திரள்பவர்களோடு விலங்குக் கூட்டங்களும் திரள்கின்றன.

ஆயினும் புராணமும் காப்பியமும் விருப்பத்தைச் சொல்பவை. பணம் எப்படி வந்தது, எவர் பொறுப்பில் நின்றது என்பதை அறியக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையுமே நாட வேண்டியிருக்கிறது. சோழர் காலத்தில் கோயிலில் அணையாது எரியும் நந்தா விளக்குக்கு நெய் வேண்டி ஆடுகளும் மாடுகளும் கொடையாக அளிக்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு வகுக்கப்பட்டு, அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். தொண்டை மண்டலத்தில் விளக்கொன்றுக்கு 32 பசு என்ற அளவு பெரிதும் வழங்கியது. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளிலும் விளக்குக்குப் பசுக்கள் விடப்பட்ட செய்திகள் உள்ளன. இவ்வாறு விடப்பட்ட ஆடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. அதாவது, ஒன்று இறந்தால் குட்டியொன்று அவ்விடத்தை நிரப்ப, மந்தையின் எண்ணிக்கை இறப்பும் மூப்பும் இன்றி நிலைக்க வேண்டும் என்பது பொருள்.

பொன்னாக வைக்கப்பட்ட முதலும் இதே இலக்கணத்தையே பின்பற்றியது. முதலைத் தொடாமல் அதன் பொலிசையை, அதாவது வட்டியை மட்டும் செலவிடுவது வழக்கம். காஞ்சி ஊரகத்துப் பெருமாள் கோயிலைப் பற்றிய உத்தமசோழனின் செப்பேடு, 10 ஆம் நூற்றாண்டில் இத்தகைய முதல்களைக் குறிப்பதோடு, கோயிற் காரியத்தையும் கணக்கையும் கவனிக்கும் பொறுப்பை நகரின் நெசவாளர் சேரிகளிடம் ஒப்படைத்ததையும் தெரிவிக்கிறது. பிறர் கொடுத்த பொருளுக்குத் தறிக்காரர்கள் கணக்குச் சொன்ன அந்த வழக்கம், காஞ்சியின் பட்டைவிடக் குறைந்த பெருமையுடையதன்று.

ஆனால் சாவாதது எண்ணிக்கைதான், ஆடு அன்று. பால் வற்றிய பசுவும் முதிர்ந்த ஆடும் கணக்கிலிருந்து நீங்கிய பின் அவற்றின் கதி என்னவாயிற்று என்பது அந்தச் சாசனங்களின் அக்கறைக்குள் வரவில்லை. அவ்வறம் தன் செலவைத் தானே ஈட்டும் உயிரை அடிப்படையாகக் கொண்டது. ஆடு விளக்கைக் காத்தது, விளக்கின் பொருட்டு ஆடு காக்கப்பட்டது. எதையும் ஈட்டாத உயிருக்கு உணவு வெளியிலிருந்தே வந்தாக வேண்டும் என்பதனால்தான் பிற்காலத்துக் காப்பகம் வேறொரு பொருளியலைத் தேட நேர்ந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1871 ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் மேயவந்த மாட்டைப் பவுண்டில் அடைத்துத் தண்டம் வாங்கவும், எவரும் மீட்காவிடில் ஏலம் விடவும் வழிசெய்தது. கோயில் காளையின் உலகுக்கு இது நேர் எதிரானது. அதே காலத்தில் மேற்கிந்திய வணிகர்கள் வளர்த்த பிஞ்சராப்போல் என்னும் அமைப்பு, முதிர்ந்த, நொண்டியான, எவருக்கும் வேண்டாத விலங்குகளுக்கே இடம் கொடுத்தது. பம்பாயில் 1832 இல் தெருநாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்துக் கலகம் மூண்டபின், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் அமிசந்த் ஷாவும் முன்னின்று அத்தகைய நிலையமொன்றை நிறுவினர். வணிகர்கள் தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட சிறு வரி அதை நடத்தியது. தமிழ் வணிகர் மகமை என்று வழங்குவதும் இவ்வகை வரியையே. சென்னைப் பிஞ்சராப்போல் 1906 இல் அயனாவரத்தில் தோன்றியது.

நாயும் பூனையும் முப்பத்திரண்டு அறங்களில் பெயர் பெறவில்லை. விலங்கிற்கு உணவு என்ற பொதுச்சொல்லுக்குள் ஒடுங்கி, தெருத் திண்ணைகளில் எஞ்சிய சோற்றால் அவை பிழைத்தன. அவற்றுக்கென ஓர் இயக்கம் 1959 இல் சென்னையில் கேப்டன் வி. சுந்தரமும் உஷா சுந்தரமும் தொடங்கிய புளூ கிராஸால் உருவாயிற்று. கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்வதை அவ்வமைப்பு 1964 முதல் வற்புறுத்தி வந்தது. மாநிலங்களவையில் ருக்மிணிதேவி அருண்டேல் 1953 இல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக 1960 இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 1962 இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்; காப்பகங்களுக்கு அரசு மானியம் கிடைக்க அவ்வாரியமே வாயிலாயிற்று. 2023 ஆம் ஆண்டின் கருத்தடை விதிகள் தெருநாயைச் சமுதாய விலங்கு என்றே குறிக்கின்றன. கோயில் காளைக்கு ஊரார் தந்த நிலைக்கு இச்சொல் மிக அருகில் வருகிறது.

எனினும் மானியம் நிலையான முதலாகாது. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள், ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கும் பிடி அரிசித் திட்டத்தைச் சொன்னதோடு, காய்கறி நறுக்கும்போது கழியும் தோலைச் சேர்த்து மாடுகளுக்குக் கொடுக்கவும் வற்புறுத்தினார். பொருள் இல்லாதவரும் பங்குகொள்ளக்கூடிய கொடைமுறை இது. கொடுப்பவரின் எண்ணிக்கையே இதற்கு முதல். இன்று ஒரு காப்பகத்துக்கு மாதந்தோறும் சிறு தொகை அனுப்புபவரும், சத்திரத்தில் விருந்து முடிந்தபின் மிஞ்சிய சோற்றை வாளியில் எடுத்துச்செல்பவரும் நிற்பது இந்த வரிசையில்தான். ஒருவர் நின்றுபோனால் அவ்விடத்தை இன்னொருவர் நிரப்பும் வரையில் அந்த வாளி நாள் தவறாமல் போய்ச்சேர்கிறது.