வானிலைச் செயற்கைக்கோள் படங்கள்: மேகத்தைப் படிக்கக் கற்ற வரலாறு

முன்னுரை

வங்கக் கடலில் ஒரு புயல் உருவானால் இன்று பள்ளி மாணவர்கூட அதைக் கைப்பேசியில் பார்த்துவிடலாம். வெண்ணிற மேகச் சுருளும் அதன் நடுவே புள்ளி போலத் தெரியும் கண்ணும் நமக்குப் பழகிய காட்சிகள். 1950களுக்கு முன் இப்படி ஒரு காட்சியை உலகில் எவரும் முழுமையாகக் கண்டதில்லை.

வானிலைச் செயற்கைக்கோள் 1960இல் வந்தது. ஆனால் அதன் படங்களால் நம் கடற்கரையில் பெருமளவில் உயிர்கள் காக்கப்பட மேலும் 30 ஆண்டுகள் ஆயின. இடைவிடாமல் பார்ப்பது, பார்த்ததைப் படித்துப் பொருள் காண்பது, அந்தப் பொருளை உரியவரிடம் நேரத்தில் சேர்ப்பது ஆகிய மூன்றும் கைகூட வேண்டியிருந்தது. அந்த மூன்றின் வரலாற்றை இக்கட்டுரை சொல்கிறது.

செயற்கைக்கோளுக்கு முன்

1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. அதன்பின் அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. கரையோர நிலையங்கள் காற்றழுத்தத்தையும் காற்றின் திசையையும் அளந்து தந்தி வழியே அனுப்பின. கடலில் செல்லும் கப்பல்கள் தங்கள் பகுதி வானிலையைத் தெரிவித்தன.

இம்முறையில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. புயல் பிறப்பதோ நடுக்கடலில். அங்கே வானிலை நிலையம் கிடையாது. புயல் இருக்கும் பக்கம் கப்பல்களும் போகமாட்டா. தகவல் மிகவும் தேவைப்படும் இடத்திலிருந்துதான் தகவல் மிகக் குறைவாக வந்தது.

முதல் படங்கள்

1954 அக்டோபரில் அமெரிக்காவின் வெள்ளை மணல் ஏவுதளத்திலிருந்து சென்ற ஆய்வு ராக்கெட் ஒன்று, உயரத்திலிருந்து படம் எடுத்து வந்தது. டெக்சாஸ் பகுதியின் மேல் ஒரு புயற்சுழல் அதில் தெளிவாகத் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் புயலை வடிவத்தாலேயே அடையாளம் காணலாம் என்பதற்கு அது சான்றாயிற்று.

1960 ஏப்ரல் 1 அன்று உலகின் முதல் வெற்றிகரமான வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 ஏவப்பட்டது. ஏறத்தாழ 120 கிலோ எடையுள்ள அதில் இரண்டு தொலைக்காட்சிக் கேமராக்கள் இருந்தன. 78 நாட்களே இயங்கி, சுமார் 23,000 படங்களை அனுப்பியது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குக் கிழக்கே கடலில் இருந்த ஒரு புயலை ஏவப்பட்ட பத்தாம் நாளிலேயே படம் பிடித்தது. அடுத்த ஆண்டு அட்லாண்டிக் கடலில் தோன்றிய எஸ்தர் புயலை டைரோஸ்-3 முதலில் கண்டது. செயற்கைக்கோளால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் பெரும்புயல் அதுவே.

அக்காலப் படங்களைப் பயன்படுத்துவது எளிதாக இருக்கவில்லை. படம் பூமியின் எந்தப் பகுதியைக் காட்டுகிறது என்பதைக் கணக்கிட்டு, அட்சரேகை, தீர்க்கரேகைக் கோடுகளைக் கையால் வரைய வேண்டும். பிறகு மேகங்களை வகைபிரித்து வரைபடமாக்க வேண்டும். இவ்வளவும் முடிவதற்குள் புயல் நகர்ந்துவிடும். கோளும் ஒரே இடத்தை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்காது. கடந்து சென்ற சில நிமிடங்களில் எடுத்ததுதான் படம்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயலும் கடலும் சேர்ந்து அழித்தன. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலில் மூழ்கியது. இலங்கையின் வடபகுதியும் பெரும் அழிவைக் கண்டது. வானில் செயற்கைக்கோள்கள் சுற்றத் தொடங்கி அப்போது நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. ஆனால் உலகம் முழுவதையும் நாள்தோறும் தவறாமல் படம் எடுக்கும் ஏற்பாடு, 1966இல் எஸ்ஸா வரிசைக் கோள்கள் வந்த பிறகே உருவானது.

நிலைத்த பார்வை

நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால், பூமி சுழலும் அதே வேகத்தில் அதுவும் சுற்றும். பூமியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். இதைப் புவிநிலைச் சுற்றுப்பாதை என்கிறோம்.

1966 டிசம்பரில் ஏவப்பட்ட ஏடிஎஸ்-1 என்ற கோளில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்னர் சுவோமி, ராபர்ட் பேரண்ட் ஆகியோர் வடிவமைத்த கேமரா இருந்தது. கோள் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கேமரா பூமியின் ஒரு மெல்லிய கீற்றைப் படித்தது. கீற்றுகள் அடுக்கடுக்காகச் சேர, ஏறத்தாழ 20 நிமிடங்களில் பூமியின் ஒரு பக்கம் முழுவதும் படமாயிற்று. அடுத்தடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தபோது மேகங்கள் நகர்வது தெரிந்தது. ஒரு மேகம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளந்தால் அந்த உயரத்தில் வீசும் காற்றின் வேகமும் கிடைக்கும். கப்பலே இல்லாத கடல்மேல் காற்றை அளக்க வழி பிறந்தது.

அகச்சிவப்புக் கதிர்களைப் பதிவு செய்யும் கருவிகள் இரவையும் பகலாக்கின. மேகத்தின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு குளிர்ந்திருக்கும். எனவே வெப்பநிலையை அளந்தால் மேகத்தின் உயரத்தை நள்ளிரவிலும் அறியலாம்.

மேகத்தைப் படிக்கும் இலக்கணம்

படம் கிடைத்தது, புயலின் வலிமையை அதிலிருந்து சொல்வது எப்படி? அட்லாண்டிக் கடலில் அமெரிக்கா புயலுக்குள் விமானங்களை அனுப்பி அளக்கிறது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் அப்படி வாடிக்கையாக விமானம் செல்வதில்லை. இங்கே படம்தான் முதன்மையான சான்று.

இந்தக் கேள்விக்கு அமெரிக்க வானிலையாளர் வெர்னான் டிவோராக் 1970களில் விடை தந்தார். நூற்றுக்கணக்கான மேகப் படங்களை ஒப்பிட்ட அவர், புயல்கள் வளரும்போது குறிப்பிட்ட சில வடிவங்களை வரிசையாகக் கடக்கின்றன என்று கண்டார். மேகப்பட்டை மையத்தை எவ்வளவு சுற்றி வளைத்திருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறதா, கண்ணின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள மேக உச்சியின் குளிருக்கும் வேறுபாடு எவ்வளவு என்பவற்றை வைத்து 1 முதல் 8 வரை ஓர் எண் தரலாம். எண் 2.5 என்றால் காற்று மணிக்குச் சுமார் 65 கி.மீ.; 7 என்றால் சுமார் 260 கி.மீ. கணினி இல்லாமலும் பயிற்சி பெற்ற கண்ணால் இதைச் செய்ய முடியும். அதனால் உலகெங்கும் பரவிய இம்முறையை இந்திய வானிலை ஆய்வுத் துறையும் கையாள்கிறது.

பருவமழை ஆய்வில்

புயலுக்கு உதவிய படங்கள் மழையின் இயல்பையும் விளக்கின. டி. ஆர். சிக்கா, சுலோசனா காட்கில் ஆகிய இந்திய அறிவியலாளர்கள் 1973 முதல் 1977 வரையிலான அன்றாட மேகப் படங்களை ஆராய்ந்து 1980இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நிலநடுக்கோட்டுக்கு அருகே இந்தியப் பெருங்கடலில் ஒரு மேகப்பட்டை உருவாகி, மெல்ல வடக்கே நகர்ந்து நிலப்பகுதியை அடைகிறது; சில வார இடைவெளியில் இது மீண்டும் மீண்டும் நிகழ்கிறது என்று அவர்கள் காட்டினர். தென்மேற்குப் பருவமழை சில நாட்கள் கொட்டி, சில நாட்கள் ஓய்ந்து, மீண்டும் வலுப்பெறுவதை அறிய இந்த ஆய்வு பெரிதும் உதவியது. நிலத்தில் உள்ள மழைமானிகளை மட்டும் பார்த்திருந்தால் கடலில் தொடங்கும் இந்தப் பயணம் தெரிந்திருக்காது.

படம் இருந்தும் காக்க முடியாத உயிர்கள்

1970 நவம்பர் 12 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானை போலா புயல் தாக்கியது. குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தனர். புயல் வருவதைச் செயற்கைக்கோள் காட்டியிருந்தது, எச்சரிக்கையும் வெளிவந்தது. ஆனால் கழிமுகத் தீவுகளில் வாழ்ந்த ஏழை மக்களுக்கு ஓடி ஒளிய உறுதியான கட்டடம் இல்லை. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் திவிசீமைப் பகுதியில் கடல் புகுந்தபோது ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர்.

1983 ஆகஸ்டில் விண்ணுக்குச் சென்ற இன்சாட்-1பி இந்த நிலையை மாற்ற உதவியது. வானிலைப் படம் எடுக்கும் கருவியும் செய்தி கொண்டுசெல்லும் கருவிகளும் அந்த ஒரே கோளில் இருந்தன. 1980களின் நடுவில் தமிழ்நாடு, ஆந்திரக் கடலோர ஊர்களில் எச்சரிக்கை வாங்கும் கருவிகள் நிறுவப்பட்டன. சென்னையிலிருந்து அனுப்பும் செய்தி கோள் வழியாகச் சென்று, குறிப்பிட்ட ஊர்களின் கருவிகளை மட்டும் இயக்கும். முதலில் சங்கு ஒலிக்கும். பிறகு அவ்வூர் மக்களின் மொழியில் எச்சரிக்கை கேட்கும். தொலைபேசிக் கம்பங்கள் சாய்ந்தாலும் செய்தி நிற்காது. புயல் காப்பகங்களும் கட்டப்பட்டன.

1990 மே மாதம் அதே ஆந்திரக் கடற்கரையை, 1977 புயலுக்கு வலிமையில் குறையாத ஒரு புயல் தாக்கியது. லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் ஆயிரத்துக்கும் குறைவு. அதுவும் பெரிய இழப்புதான். ஆனால் 13 ஆண்டுகளில் நேர்ந்த மாற்றத்தை இவ்விரு எண்களும் சொல்கின்றன.

இந்தப் பாடம் எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரவில்லை. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். காப்பகங்கள் மிகக் குறைவாக இருந்தன. அதன்பின் ஒடிசா அரசு காப்பகங்களைப் பெருக்கியது. ஊர்தோறும் பயிற்சி அளித்தது. 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கோபால்பூர் அருகே கரை கடந்தபோது ஏறத்தாழ 10 லட்சம் பேர் முன்பே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றிருந்தனர். உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது.

இன்றைய கோள்களும் எஞ்சியுள்ள வேலையும்

வானிலைக்கென்றே இந்தியா 2002 செப்டம்பரில் ஒரு கோளை ஏவியது. விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லாவின் நினைவாக 2003இல் அதற்கு கல்பனா-1 என்று பெயரிட்டனர். பின்னர் இன்சாட்-3டி (2013), இன்சாட்-3டிஆர் (2016), இன்சாட்-3டிஎஸ் (2024) ஆகியவை வந்தன. இவை படம் எடுப்பதுடன், வெவ்வேறு உயரங்களில் உள்ள வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் மதிப்பிடுகின்றன. அந்த அளவுகள் கணினி வழி முன்கணிப்புக்குச் செல்கின்றன.

படத்துக்கும் எல்லை உண்டு. அது பெரும்பாலும் மேகத்தின் உச்சியையே காட்டுகிறது. அதன் அடியில் எந்தத் தெருவில் எவ்வளவு மழை பெய்யும் என்று சொல்லாது. அதற்கு ராடாரும் மழைமானியும் வேண்டும்.

2017 நவம்பர் இறுதியில் குமரி முனைக்கருகே ஒக்கிப் புயல் மிக விரைவாக வலுப்பெற்றது. குமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆழ்கடலுக்குச் சென்ற மீனவர்கள் அப்போது பல நாள் பயணத்தில் இருந்தனர். கைப்பேசி அலை எட்டாத தொலைவில் இருந்த அவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். அதன்பிறகே செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலும் செய்தி பெறும் கருவிகளைப் படகுகளுக்குத் தருவதில் வேகம் கூடியது.

முடிவுரை

டைரோஸ்-1 முதல் இன்சாட்-3டிஎஸ் வரை கேமராக்கள் பெரிதும் முன்னேறியுள்ளன. டிவோராக்கின் முறையும் சிக்கா, காட்கில் ஆகியோரின் ஆய்வும் அப்படங்களுக்குப் பொருள் தந்தன. போலாவும் ஒக்கியும் காட்டுவது வேறொன்று: கரையோரக் குடிசையில் இருப்பவருக்கும் கடலில் வலை வீசிக்கொண்டிருப்பவருக்கும் எச்சரிக்கை எட்ட வேண்டும், எட்டியபின் அவர் போய்த் தங்க ஓர் இடமும் வேண்டும். ஒரு நாட்டின் புயல் முன்னறிவிப்பை அளக்கும்போது, கோள்களின் எண்ணிக்கையோடு இவ்விரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.