கடலின் இரு கரையிலும் வழிப்போக்கர்கள்

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றால் கோவளம் வரும். கடலலையின் ஓசை கேட்கும் தொலைவில் ஹஸ்ரத் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் அமைந்த தர்கா இருக்கிறது. அரபு மண்ணில் பிறந்த ஒரு நபித்தோழரின் உடல், கடல்வழியே இக்கரை வந்து சேர்ந்தது என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அதன் வரலாற்று ஆதாரங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அரபு நாட்டிலிருந்து வந்த ஓர் அந்நியரை இந்த ஊர் தன்னவராக ஏற்றுக்கொண்டு, தன் பெருமைக்குரியவராகக் கொண்டாடி வருகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இன்று பயணத்தின் திசை மாறிவிட்டது. இக்கடற்கரை ஊர்களில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் துபாய், குவைத், தம்மாம், தோஹா என்று ஏதேனும் ஒரு பெயர் காதில் விழும். நம் முன்னோர் வெளிநாட்டுப் பயணத்தைச் 'சபர்' என்றே அழைத்தனர். ஒரு காலத்தில் அச்சொல் ரங்கூனையும் பினாங்கையும் கொழும்பையும் குறித்தது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை ஏறிய பின்னர் அது வளைகுடாவைக் குறிக்கலாயிற்று.

மதரஸாவில் கற்ற அரபி

நானும் ஈராண்டுகள் அபுதாபியில் ஒரு பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், பணிபுரிந்தவன். ஏழாண்டுகள் அரபி இலக்கணம் கற்றிருந்தேன். மற்றவர்களுக்கு மொழி தெரியாது, எனக்குத் தெரியும் என்ற பெருமிதத்துடனேயே விமானம் ஏறினேன். அந்தப் பெருமிதம் முதல் நாளிலேயே உடைந்தது. கடைக்கு வந்த முதியவர் ஒருவர் 'எய்ஷ்' வேண்டும் என்றார். நான் கற்ற அரபியில் அதற்கு 'வாழ்க்கை' என்று பொருள். எகிப்தியர் ரொட்டியை அப்படி அழைப்பர் என்று படித்திருந்த நினைவு வரவே, ரொட்டியை எடுத்து நீட்டினேன். முதியவர் சிரித்துவிட்டு அரிசி மூட்டையைச் சுட்டிக் காட்டினார். வளைகுடா மக்களின் பேச்சில் எய்ஷ் என்றால் அரிசி. நெல் விளையாத பாலை நிலத்தார், கடல் கடந்து வந்த நம் நாட்டு அரிசிக்கு வாழ்க்கை என்றே பெயரிட்டிருக்கிறார்கள்!

வியப்பு அத்துடன் முடியவில்லை. நேராகச் செல் என்பதற்கு அவர்கள் 'சீதா' என்றார்கள். பணத்தைப் 'பேஸாத்' என்றார்கள். அது நம் பைசாதான். காலணியை 'ஜூத்தி' என்றார்கள். இவையெல்லாம் இந்தியாவிலிருந்து சென்ற சொற்கள். மறுபுறம், நாம் தமிழென்றே எண்ணிப் புழங்கும் வசூல், பாக்கி, ஜாமீன், வக்கீல், ஆஜர், மராமத்து ஆகியவை அரபியில் வேர் கொண்டு, பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தவை. கூலிக்குச் சென்ற மனிதனுக்கு முன்னரே சொற்கள் கடலைக் கடந்து, இரு கரையிலும் குடியேறிவிட்டன.

பள்ளிவாசலிலும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. என் பக்கத்தில் நின்ற பெரியவர் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டபடியே தொழுதார். 'இவருடைய தொழுகை கூடுமா?' என்று உள்ளம் பதறியது. மாலிகி மத்ஹபில் பலரது நடைமுறை அது என்பதைக் கிதாபில் படித்திருந்தும், கண்ணால் கண்டபோது ஏற்க மனம் மறுத்தது. ஊரில் ஹனஃபி, ஷாஃபிஈ என்ற இரு வழிகளை மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். அங்கோ ஒரே வரிசையில் மாலிகி, ஹன்பலி, ஷாஃபிஈ, ஹனஃபி எனப் பலரும் தோளோடு தோள் நின்றனர். எங்கள் ஊர் வழக்கமே மார்க்கம் முழுவதும் என்று எண்ணியிருந்த அறியாமை, அந்தத் தொழுகை வரிசையில்தான் கரைந்தது.

கஹ்வா அருந்திய கதையையும் சொல்லியாக வேண்டும். முதன்முறை விருந்துக்கு அழைக்கப்பட்டபோது, சிறு ஃபின்ஜானில் கஹ்வா ஊற்றித் தந்தார்கள். குடித்து முடித்ததும் மீண்டும் ஊற்றினார்கள். மறுப்பது மரியாதையன்று என்று கருதி, கசப்பை விழுங்கிக்கொண்டே ஐந்தாறு முறை குடித்தேன். போதுமெனில் கோப்பையை இலேசாக ஆட்டிக் காட்ட வேண்டும் என்பதைப் பின்னர் ஒரு மலையாளச் சகோதரர் சொல்லித் தந்தார்.

அவர்கள் இங்கு அந்நியராக இருந்த காலம்

ஊர் திரும்பி, வரலாற்று நூல்களைப் புரட்டியபோதுதான் ஓர் உண்மை விளங்கிற்று. நான் அங்கு அடைந்த திகைப்புகள் அனைத்தையும், எனக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அவர்கள் இங்கு வந்து அடைந்திருக்கிறார்கள்.

அக்கால அரபு, பாரசீக ஆசிரியர்கள் நம் கடற்கரைக்கு 'மஅபர்' என்று பெயரிட்டிருந்தனர். கடந்து செல்லும் இடம், துறை என்பது அதன் பொருள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கொல்லத்திலிருந்து நெல்லூர் வரை அதன் எல்லையைக் கூறுகிறார். அந்த எல்லைக்குள் கோவளமும் அடங்கும். 13ஆம் நூற்றாண்டில் வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், பாண்டிய நாட்டுக்குக் குதிரைகளை அனுப்பி வந்தார். கதீஃப், அல்அஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய துறைகளிலிருந்தும் குதிரைகள் வந்தன. ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்ததாகவும், குதிரை ஒன்றின் விலை 220 தீனார் என்றும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டியரின் அவையில் உயர்பதவி வகித்தார். அதாவது, வளைகுடாவிலிருந்து வந்து தமிழகத்தில் வேலை பார்த்த ஒருவர்!

அவருடன் வந்த குதிரைகளும் இங்கு அந்நியப்பட்டே வாழ்ந்தன. அவற்றுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்து ஊட்டினர் என்றும், சரியாகப் பேணத் தெரியாததால் அவை பெருமளவில் மடிந்தன என்றும் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். புல்லும் தானியமும் தின்று பழகிய அரபுக் குதிரைக்கே சோறு வைத்த நாடு இது!

14ஆம் நூற்றாண்டில் வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதாவின் நிலையும் அதுதான். மலபார், மாலத்தீவு, இலங்கை, மஅபர் ஆகிய நாடுகளில் மூன்றாண்டுகள் சோற்றைத் தவிர வேறு உணவின்றி வாழ்ந்ததாகவும், இறுதியில் தண்ணீர் குடித்தால்தான் சோறு தொண்டையில் இறங்கும் என்ற நிலைக்கு ஆளானதாகவும் அவர் எழுதுகிறார். வளைகுடா முகாமில் நாள்தோறும் குப்பூஸைப் பிய்த்துத் தின்று, ஊர்ச் சோற்றுக்கு ஏங்கும் நம் இளைஞர் எவரும் இதைப் படித்தால் தம் கதையையே யாரோ தலைகீழாக எழுதிவிட்டார்கள் என்று எண்ணுவர்.

ரூபாய் செலாவணியான பாலைவனம்

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவோர்க்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. எண்ணெய்க்கு முன்பு வளைகுடாவின் செல்வம் முத்து. கோடை முழுவதும் கடலில் மூழ்கி எடுத்த முத்துகளை அவர்கள் பம்பாய்க்குக் கொண்டுவந்து விற்று, அரிசி, துணி, தேயிலை, மரக்கலம் கட்டத் தேக்கு ஆகியவற்றை வாங்கிச் சென்றனர். 1930களில் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து அத்தொழிலை அழித்தன. அந்த மண்ணில் பசி சூழ்ந்தது.

அக்காலம் தொட்டு 1960கள் வரை வளைகுடாவின் பல நாடுகளில் செலாவணியாக இருந்தது நம் இந்திய ரூபாயே. 1959இல் ரிசர்வ் வங்கி, வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் தமக்கென தீனாரை ஏற்படுத்திக்கொண்டன. 1966 ஜூன் மாதம் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது கத்தாரும் இன்றைய அமீரகத்தின் பகுதிகளும் ரூபாயைக் கைவிட்டன. இன்று ஒரு திர்ஹத்துக்கு எத்தனை ரூபாய் என்று அன்றாடம் கணக்குப் பார்க்கும் நாம், அவர்களுடைய பாட்டனார்கள் நம் ரூபாயை எண்ணி வாழ்ந்தவர்கள் என்பதை மறந்துவிட்டோம்.

செல்வமும் வறுமையும் இக்கடலின் இரு கரைகளுக்கிடையே மாறி மாறிப் பயணம் செய்திருக்கின்றன. நாள்களை மனிதர்களிடையே சுழலச் செய்வதாக அல்லாஹ் மூன்றாம் அத்தியாயத்தில் கூறுவதன் விளக்கத்தை நான் இவ்வரலாற்றில் கண்டேன்.

கஃபீல் என்ற சொல்

என்னை மிகவும் வருத்திய சொல் 'கஃபீல்'. ஃபிக்ஹு நூல்களில் 'கஃபாலா' என்றொரு பாடமே உண்டு. ஒருவன் மற்றவனின் கடனுக்கோ பொறுப்புக்கோ தானும் பிணையாக நிற்பது கஃபாலா. அங்கே கஃபீல் என்பவன் சுமையைத் தன் தோளில் ஏற்பவன். வளைகுடாவிலோ, பலருக்கு அச்சொல் கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டி வைப்பவரையும், அனுமதியின்றி வேறு வேலைக்கு மாற முடியாத நிலையையும் குறித்தது. கத்தார் 2020இலும் சவூதி அரேபியா 2021இலும் அந்த விதிகளைத் தளர்த்தின. நல்ல மனம் படைத்த கஃபீல்களும் பலர் உண்டு. என்னை மகனைப் போல நடத்தியவரும் அங்கு இருந்தார். எனினும், அடைக்கலம் தரும் சொல்லே அச்சம் தரும் சொல்லாக மாறக்கூடும் என்பதை அங்குதான் கற்றேன்.

குர்ஆன் நமக்குக் காட்டும் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி மூஸா (அலை) அவர்கள். எகிப்தை விட்டுத் தப்பி, கையில் ஏதுமின்றி மத்யனுக்கு வந்தார்கள். அந்நியப் பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிவிட்டு, நிழலில் ஒதுங்கி இறைவனிடம் கையேந்தினார்கள். அவ்வூர்ப் பெரியவர் அழைத்து, செய்த உதவிக்குக் கூலி கொடுக்க முன்வந்தார். அஞ்ச வேண்டாம் என்றார். எட்டாண்டு ஒப்பந்தம் பேசி, அதற்கு மேல் சிரமப்படுத்த விரும்பவில்லை என்றும் சொன்னார். வேலை கொடுப்பவர் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு 28ஆம் அத்தியாயத்தில் உள்ள இந்நிகழ்வே போதுமான பாடம்.

பின் வரிசையில் நின்றவர்

இவ்வளவும் எழுதிய நான், என்னைப் பற்றிய ஓர் உண்மையையும் எழுதாவிட்டால் நேர்மையாகாது.

பழைய மாமல்லபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் எழும் அடுக்குமாடிக் கட்டடங்களில் வங்காளம், பீஹார், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் சிலர் நான் ஜும்ஆ தொழும் பள்ளிக்கு வருவர். சிமெண்டு படிந்த உடையைக் கூச்சத்துடன் தட்டிவிட்டு, கடைசி வரிசையில் நிற்பர். அவர்களுள் ஓர் இளைஞர் என்னைக் காணும்போதெல்லாம் 'ஹுஜூர்' என்று சலாம் சொல்வார். நான் பதில் சொல்லிவிட்டுக் கடந்து போவேன். ஏறத்தாழ ஆறு மாதங்கள் இப்படியே கழிந்தன. அவருடைய பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

ஒரு நாள் வலீமா விருந்தொன்றில் அவரும் நண்பர்களும் தயங்கி வாசலில் நின்றனர். 'இவர்கள் கடைசிப் பந்தியில் உட்காரட்டும்' என்று யாரோ சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. சவூதியில் முப்பதாண்டுகள் ஓட்டுநராக இருந்து திரும்பிய முதியவர் ஒருவர்தான் எழுந்தார். "நானும் அங்கே இப்படித்தான் வாசலில் நின்றேன், ஹஜ்ரத்! ஒரு பதூ வந்து கையைப் பிடித்து, தன் தட்டிலேயே உட்கார வைத்தார்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, அந்த இளைஞரை அழைத்துவந்து தமக்கும் எனக்கும் நடுவில் அமர்த்தினார். அபுதாபியில் கஹ்வாக் கோப்பையை ஆட்டக் கற்றுத் தந்த அந்த மலையாளச் சகோதரரின் முகம் அப்போது என் நினைவுக்கு வந்தது. அந்நியனாக இருந்தபோது எனக்குக் கிடைத்ததை, மண்ணின் மைந்தனாக இருந்தபோது நான் கொடுக்கவில்லை.

ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். உலகில் அந்நியனைப் போல, வழிப்போக்கனைப் போல வாழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அறிவுரை கூறியதைப் புகாரி கிரந்தத்தில் காண்கிறோம். தொழிலாளியின் கூலியை வியர்வை உலரும் முன்பே கொடுக்கச் சொன்னதும் அதே நபிதான். இவற்றை நாம் வளைகுடா முதலாளிகளுக்கு எதிரான ஆதாரங்களாக மேற்கோள் காட்டுகிறோம். நம் வீட்டுக் கட்டட வேலைக்கு வந்தவரின் கூலியைப் பேசும்போது ஏனோ மறந்துவிடுகிறோம்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! வரும் ஜும்ஆவில் கடைசி வரிசையில் நிற்கும் ஒருவரிடம் சென்று, அவருடைய பெயரையும் ஊரையும் கேளுங்கள். நம் பிள்ளைகளின் பெயரைத் தோஹாவிலோ ரியாதிலோ யாரேனும் அன்புடன் கேட்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம் அல்லவா?

கடல் கடந்து சென்ற நம்மவர்களையும், நம்மை நாடி வந்தவர்களையும் அல்லாஹ் பாதுகாத்து, நலமுடன் அவரவர் குடும்பத்திடம் சேர்ப்பானாக! ஆமீன்.