ஈவுத்தொகையும் பங்கின் மதிப்பும்: ஒரு வரலாற்றுப் பாடம்

பங்கு வைத்திருப்போருக்கு இரு வழிகளில் ஆதாயம் வரும். நிறுவனம் தன் இலாபத்திலிருந்து பகிர்ந்தளிப்பது ஈவுத்தொகை. வாங்கிய விலையை விடக் கூடுதலாகப் பங்கை விற்கும்போது கிடைப்பது மூலதன ஆதாயம். இவ்விரண்டும் தொடர்பற்றவை எனப் பலர் எண்ணுகின்றனர். இவை இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வருபவை என்பதை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாறு விளக்குகிறது.

கதீஜா (ரலி) அவர்களின் சரக்குடன் நபி (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டுக்குச் சென்ற வரலாற்றை நாம் அறிவோம். ஒருவர் முதலிட, மற்றவர் உழைக்கும் அத்தகைய வணிகத்தில், பயணம் முடிந்ததும் கணக்குத் தீர்ப்பது வழக்கம். ஐரோப்பியக் கப்பல் வணிகமும் பெரும்பாலும் அவ்வாறே நடந்தது. 1602இல் சுமார் 64 இலட்சம் கில்டர் முதலுடன் தோன்றிய டச்சுக் கம்பெனி இதனை மாற்றியது. பத்தாண்டுகளில் கணக்குத் தீர்ப்பதாகச் சாசனம் கூறியும், 1612இல் அது நிறைவேறவில்லை. பணம் தேவைப்பட்டோர், கம்பெனிப் பதிவேட்டில் பெயர் மாற்றித் தம் பங்கைப் பிறருக்கு விற்க மட்டுமே முடிந்தது.

முதல் ஈவு 1610இல்தான் வந்தது. அதுவும் பணமாக அன்று. பங்கின் முகமதிப்பில் 75 விழுக்காட்டுக்கு ஈடான ஜாதிபத்திரியாக! அதைப் பெற்றவரின் கையில் சரக்கு சேர்ந்தது. கம்பெனியின் கிடங்கில் அதே அளவு குறைந்தது. அதன்பின் பங்கை வாங்குபவருக்கு அச்சரக்கில் உரிமையில்லை.

இன்றும் கணக்கு இதுவே. 200 ரூபாய் மதிப்புள்ள பங்குக்கு 10 ரூபாய் ஈவு தந்தால், எஞ்சும் மதிப்பு 190. சந்தை விலை வேறு காரணங்களால் ஏறலாம், இறங்கலாம். ஆயினும் ஈவு இனாமன்று. அந்த 10 ரூபாயை வழங்காமல் தொழிலில் இட்டு, அது பெருகினால், பின்னர் மூலதன ஆதாயமாகத் தோன்றும். வீணாக்கினால் இரண்டும் இல்லை. பணத்துக்குப் பதில் போனஸ் பங்கு தந்தாலோ, பங்குகளின் எண்ணிக்கை கூடும். ஒவ்வொன்றின் மதிப்பும் அதற்கேற்பக் குறையும்.

பெட்டி ஒன்றே என்றால், அது எவ்வாறு நிரம்பியது என்பதே முதன்மையான கேள்வி. அக்காலத்தில் ஜாதிபத்திரி விளைந்த இடம் பாந்தாத் தீவுகள். அங்கு முஸ்லிம்கள் பெருமளவில் வாழ்ந்தனர். அந்த வணிகத்தை முழுமையாகக் கைப்பற்ற, 1621இல் யான் பீட்டர்சூன் கூன் தலைமையில் கம்பெனிப் படை அத்தீவுகளைத் தாக்கியது. மக்களில் பெரும்பாலோர் மாண்டனர், அடிமைகளாக்கப்பட்டனர் அல்லது தப்பியோடினர். ஆம்ஸ்டர்டாமில் பங்கு வைத்திருந்தோரின் ஆதாயத்தில் அக்கொடுமையின் பலனும் கலந்திருந்தது.

ஆகவே, குடும்பச் சேமிப்பைப் பங்கில் இடுவோர் ஈவின் விழுக்காட்டை மட்டும் பார்ப்பது போதாது. அந்நிறுவனம் எதை விற்கிறது, யாரிடமிருந்து எவ்வாறு ஈட்டுகிறது என்பதையும் விசாரித்தறிவது நம் கடமை.