ஏறும் வழி இரண்டு, இறங்கும் வழி?

குபெர்னெட்டீஸில் ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன; ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஏறத்தாழ 14 மாதம்தான். மேம்படுத்தாமல் நெடுநாள் காலந்தள்ள முடியாது. இருக்கும் கிளஸ்டரையே படிப்படியாக ஏற்றலாம். அல்லது பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுப்பி, டிராஃபிக்கை அதற்குத் திருப்பலாம்.

முதல் வழியில் செலவு குறைவு. கன்ட்ரோல் பிளேனை ஒவ்வொரு பதிப்பாக ஏற்றிவிட்டு, நோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காலிசெய்து புதுப்பிக்க வேண்டும். 1.28 முதல் குபெலெட் மூன்று பதிப்புவரை பின்தங்கியிருக்கலாம் என்பதால் நோடுகளுக்கு அவசரமில்லை. ஆனால் ஏறிய பிறகு கீழிறங்க குபேஅட்மின் வழி தருவதில்லை. எட்சிடி நகலிலிருந்து மீட்பதுதான் மிச்சம்.

அந்த மிச்சத்தின் விலையை ரெடிட் 2023 மார்ச் 14 அன்று கண்டது. கிளஸ்டர் ஒன்றை 1.23-இலிருந்து 1.24-க்கு ஏற்றியதும் தளம் முடங்கியது. கன்ட்ரோல் பிளேன் நோடுகளில் இருந்த ‘மாஸ்டர்’ என்ற பழைய லேபிளை 1.24 நீக்கியிருந்தது. காலிகோ நெட்வொர்க்கின் ரூட் ரிஃப்ளெக்டர்களைத் தேர்ந்தெடுத்ததோ அந்த லேபிளை வைத்துத்தான். நகலிலிருந்து மீண்டு எழ 314 நிமிடங்கள் பிடித்தன. பை நாளில் 314! கணித ஆசிரியர்கள் ரசித்திருப்பார்கள்.

புதுக் கிளஸ்டர் வழியில் இதே பிழை வந்திருந்தால், பயனர் எவரும் அங்கே போகுமுன்பே தெரிந்திருக்கும். யாரோ எப்போதோ கையால் செய்து, எங்கும் பதிந்துவைக்காத அமைப்புகள் புதிய இடத்தில் உடனே பல்லிளிக்கும். நீக்கப்பட்ட ஏபிஐ விஷயமும் அப்படியே. 1.22-இல் இன்கிரஸின் பழைய பீட்டா வடிவம் போனபோது, ஏற்கெனவே இருந்த இன்கிரஸ்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. பழைய யாமலை அடுத்த முறை அனுப்பும்போதுதான் சிக்கல். புதுக் கிளஸ்டரோ முதல் யாமலிலேயே மறுத்துவிடும்.

தரவுத்தளம் என்று வந்தால் நிலைமை தலைகீழ். இரு கிளஸ்டர்களிலும் எழுதப்படும் தரவை ஒத்திசைப்பது பெரும்பாடு. டிராஃபிக்கைத் திருப்பிய பின் எழுதப்பட்டதை விட்டுவிட்டுப் பழையதற்குத் திரும்பவும் முடியாது.

நலம் பார்ப்பதில் இரண்டு வழிக்கும் ஒரே எச்சரிக்கை. நோடு ‘ரெடி’ என்றால் குபெலெட் தன் நிலையைச் சரியாகத் தெரிவிக்கிறது, அவ்வளவே. ஏபிஐ சர்வரின் ரெடிஇசட் பச்சையாக இருப்பதும் பாட்கள் ஒன்றையொன்று எட்டுகின்றன என்பதற்குச் சான்றல்ல. ஒரு நோடிலிருந்து இன்னொரு நோடின் பாடை அழைத்துப் பாருங்கள். டிஎன்எஸ் பெயர் கிடைக்கிறதா, புதிய பாட் எழுகிறதா, அதற்கு வட்டு இணைகிறதா என்று சோதியுங்கள். பிழை விகிதத்தை முந்தைய நாளோடு ஒப்பிடுங்கள்.

தரவு சுமக்காத சேவைகளுக்குப் புதுக் கிளஸ்டரே மேல். இரட்டைச் செலவு சில நாட்களுக்குத்தான். தரவுத்தளம் உள்ளே இருந்தால் இருந்த இடத்திலேயே ஏற்றுங்கள். ஆனால் எட்சிடி நகலைச் சோதனைக் கிளஸ்டரில் ஒரு முறையாவது மீட்டுப் பார்க்காமல் தொடங்காதீர்கள்.