ஆத்துக்கு ஒரு நாடாளுமன்றம்

1985-ல் ராஜஸ்தானின் அல்வார் மாவட்டத்துக்கு ராஜேந்திர சிங் நாலு பேரோட போனது வைத்தியம் பார்க்க, பாடம் சொல்லித்தர. கோபால்புரா பெரியவர் ஒருத்தர், அதெல்லாம் அப்புறம், முதல்ல குளம் வெட்டுன்னுட்டார். அங்க அதுக்கு ஜோஹட்னு பேர். சரிவுல வர்ற மழைத்தண்ணியை மறிக்கிற பிறை வடிவ மண்கரை. தண்ணி தேங்கி மண்ணுக்குள்ள இறங்கும், கிணறு ஊறும். ஊர் ஊரா கட்டினாங்க. மழைக்கு மட்டும் ஓடின ஆர்வாரி ஆறு 1995 வாக்கில் வருஷம் பூரா ஓட ஆரம்பிச்சுது.

இதுவரைக்கும் பலருக்கும் தெரிஞ்ச கதைதாங்க. எனக்குப் பிடிச்சது இனிமேதான். தண்ணி வந்ததும் மீன் வந்துச்சு, மீன் வந்ததும் அரசாங்கம் வந்துச்சு! 1996-ல் மீன்பிடி குத்தகையை ஒரு காண்ட்ராக்டருக்குக் கொடுத்தாங்க. ஊர்க்காரங்க எதிர்த்து நின்னதுல அது ரத்தாச்சு.

சரி, சர்க்காரைத் தடுத்தாச்சு. நம்மாளையே யார் தடுக்கிறது? 1999 ஜனவரி 26 அன்னிக்கு சுமார் 70 கிராமங்கள் சேர்ந்து 'ஆர்வாரி சன்சத்'னு ஒரு நாடாளுமன்றத்தை ஆரம்பிச்சாங்க. நெல், கரும்பு போடக்கூடாது. கோடையில ஆத்துலேர்ந்து நேரா தண்ணி இறைக்கக்கூடாது. இந்த விதிகளுக்கு சட்ட பலம் கிடையாது, ஊர்ப் பேச்சுதான் பலம். கரும்பு போட்டா காசு, தண்ணியும் கண்ணெதிர்லயே ஓடுது. அப்பவும் வேண்டாம்னு நிறுத்தறது குளம் வெட்டுறதைவிடக் கஷ்டம். எங்க ஆபீஸ்ல ஏசியை எத்தனை டிகிரியில வைக்கிறதுன்னே நாலு பேரால இன்னும் முடிவு பண்ண முடியலை.